கர்த்தரின் வேளைக்குக் காத்திருந்து வரன் தேடுவது: விசுவாசக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வேலூர் ஆலயங்களில், புத்தாண்டுக்கான வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்க மக்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில், முப்பதை நெருங்கியும் மணமாகாத மகளோ மகனோ உள்ள தாய்மாரை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். அவர்கள் அட்டையைப் பைக்குள் வைக்காமல், அங்கேயே குழல் விளக்கின் கீழ் நின்று, வசனத்தில் கல்யாணத்திற்கு ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று இரண்டு மூன்று முறை வாசிப்பார்கள். என் அம்மா எனக்காக ஒன்பது ஆண்டுகள் அப்படி நின்றார்கள். எனக்கு மணமானபோது வயது 34. செவிலியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது எங்கள் குருசேகரத்தில் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தில்) திருமண ஆலோசனை தேடி வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசும் பொறுப்பில் இருக்கிறேன்.

அந்தக் குடும்பங்களில் நான் மீண்டும் மீண்டும் காண்பது ஒரே தவறுதான். கர்த்தரை நம்பினால் அதிகம் விசாரிக்கக் கூடாது என்றும், விசாரித்தால் அது அவிசுவாசம் என்றும் நல்ல விசுவாசிகளே நினைக்கிறார்கள். வேதம் காட்டும் வழியோ இதற்கு நேர்மாறானது. கர்த்தர் நடத்துகிறார் என்று உண்மையாக நம்புகிறவருக்குத்தான் நிதானமாக விசாரிக்கவும், கேட்க வேண்டியதைக் கேட்கவும், வேண்டாம் என்ற பதிலைத் தாங்கவும் பொறுமை இருக்கும். “விசுவாசிக்கிறவன் பதறான்” என்று ஏசாயா 28:16 சொல்வதை வரன் தேடும் வீட்டின் சுவரில் எழுதி வைக்கலாம்.

முதல் படி: ஆதியாகமம் 24-ஐ முழுவதுமாக வாசியுங்கள்

ஆபிரகாம் தன் ஊழியக்காரனை அனுப்பித் தன் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடிய அதிகாரம் நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறோம். ஆனால் நினைவில் நிற்பது கிணற்றடி அடையாளம் மட்டுமே. குடும்பமாக உட்கார்ந்து, 67 வசனங்களையும் சத்தமாக, ஒரே இருக்கையில் வாசியுங்கள். வாசிக்கும்போது நான்கு இடங்களில் நிறுத்திப் பேசுங்கள்.

புறப்படும் முன்பே, பெண்ணுக்கு வர மனதில்லை என்றால் ஊழியக்காரன் ஆணையிலிருந்து நீங்கலாவான் என்று ஆபிரகாம் சொல்லிவிடுகிறார். அதாவது, “வேண்டாம்” என்ற பதிலுக்குத் தேடலின் முதல் நாளிலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அடுத்தது, அவன் கேட்ட அடையாளம். வானத்தில் தோன்றும் எதையும் அவன் கேட்கவில்லை. அந்நியனுக்குத் தண்ணீர் கொடுப்பதோடு, கேளாமலேயே ஒட்டகங்களுக்கும் வார்க்கும் பெண் வேண்டும் என்று கேட்டான். தாகமெடுத்த ஒட்டகம் ஒரே தடவையில் 100 லிட்டர் வரை குடிக்கக்கூடியது. அங்கே நின்றவை பத்து. பயணக் களைப்பில் வந்த ஒரு மனிதனுக்காக எத்தனை முறை கிணற்றில் இறங்கி ஏற வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அவன் கேட்ட அடையாளமே அந்தப் பெண்ணின் இரக்கத்தையும் உழைப்பையும் சோதித்துப் பார்க்கும் விசாரணையாக அமைந்திருந்தது.

மூன்றாவது இடம்தான் எனக்கு மிகவும் அருமையானது. கேட்டபடியே எல்லாம் நடந்த பிறகும், கர்த்தர் தன் பிரயாணத்தை வாய்க்கப்பண்ணினாரோ இல்லையோ என்று அறியும்படி அவன் மவுனமாயிருந்தான் என்கிறது 21-ஆம் வசனம். அடையாளம் கிடைத்துவிட்டது; ஆனாலும் துள்ளிக் குதிக்கவில்லை; கவனித்துக்கொண்டே இருந்தான்; பிறகு அந்தப் பெண் ரெபெக்காள் யார் மகள் என்று கேட்டான். நான்காவதாக, வீட்டுக்குள் அழைத்து உணவு வைத்தபோது, வந்த காரியத்தைச் சொல்லுமுன் சாப்பிடமாட்டேன் என்றான். நம் ஊரில் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, காப்பியும் குடித்து முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றபடி, “மத்ததை அப்புறம் பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: எதைக் கேட்டு ஜெபிக்கிறீர்கள் என்று தாளில் எழுதுங்கள்

“உமது சித்தம் ஆகட்டும்” என்று ஜெபித்துவிட்டு, மனதுக்குள் பன்னிரண்டு நிபந்தனைகளை வைத்திருப்பது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. ஆகவே ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், வேதம் உண்மையிலேயே கேட்கும் காரியங்களை எழுதுங்கள்: கர்த்தருக்குட்பட்டவராக இருத்தல், உண்மை பேசுதல், உழைத்தல், கோபத்தை அடக்குதல், குடிப்பழக்கம் இல்லாமை. வலப்பக்கம் உங்கள் விருப்பங்களை எழுதுங்கள்: உயரம், நிறம், படிப்பு, வெளிநாட்டு வேலை, சொந்த வீடு, ஒரே மகன். விருப்பங்களைச் சொல்வதில் தவறில்லை. கர்த்தரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டியதுமில்லை. ஆனால் வலப்பக்கத்தில் உள்ள ஒன்று, இடப்பக்கத்தில் எல்லாம் நிறைந்த ஒரு வரனைத் தடுத்தால், தடுப்பது யார் என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே சாதியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. வட ஆற்காட்டுச் சபைகளில் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பருகுகிறோம். ஆனால் வரன் விவரத்தில் சபையின் பெயருக்கு முன்பே சாதியின் பெயரை எழுதுகிறோம். சாதியால் தேடலின் பரப்பை முதலிலேயே நூறில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டு, கர்த்தர் ஏன் இன்னும் தாமதிக்கிறார் என்று உபவாசம் இருக்கிற குடும்பங்களை நான் அறிவேன். அந்தக் குடும்பங்களில் தாமதம் கர்த்தரால் வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வரதட்சணையும் இப்படித்தான். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி அதைக் கேட்பது, வாங்குவது, கொடுப்பது எல்லாமே குற்றம். “நாங்கள் ஒன்றும் கேட்கமாட்டோம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்” என்ற மென்மையான வாக்கியமும் கேட்பதுதான். இரு தரப்பும் எதுவும் எதிர்பார்க்கவில்லை என்பதை முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்திலேயே பல வரன்கள் விலகிவிடும். விலகட்டும்.

மூன்றாம் படி: யாரிடம் சொல்வது

சபை முழுவதும் அறிவிக்க வேண்டாம். ஆயர், உங்களை நன்கு அறிந்த மூத்த விசுவாசிகள் இருவர், வெளியே சொல்லாமல் ஜெபிக்கக்கூடிய ஒரு நண்பர், இவ்வளவு பேர் போதும். வரன் விவரத்தில் உண்மையை மட்டும் எழுதுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தை அனுப்பாதீர்கள். இணையவழித் திருமணத் தகவல் மையத்தில் பதிவு செய்வது விசுவாசக் குறைவு ஆகாது. ஊழியக்காரன் ஒட்டகமேறிப் போனதுபோல இதுவும் தேடிப்போகும் வழிதான்.

நான்காம் படி: விசாரணை

இதை ஜெபத்தின் ஒரு பகுதியாகவே செய்யுங்கள். ஒவ்வொருவரிடமும் பேசப் போகும் முன், “ஆண்டவரே, மறைந்திருப்பதை வெளிப்படுத்தும்” என்று ஜெபித்துவிட்டுப் போங்கள்.

முதலில், முன்னறிவிப்பின்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆலயத்திற்குப் போங்கள். ஆம்பூரோ ராணிப்பேட்டையோ குடியாத்தமோ, காலைப் பேருந்தில் போய் ஆராதனையில் கலந்துகொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வேலூர் திரும்பிவிடலாம். அந்தக் குடும்பம் ஆராதனைக்கு வருகிறதா, எத்தனை மணிக்கு வருகிறது, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஆலயப் பணியாளரிடம் எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள். ஒரு முறை வாலிபன் ஒருவனைப் பார்க்கப் போன இடத்தில், அவன் ஒரு முதியவரின் செருப்பைத் தேடி எடுத்து வந்து, குனிந்து அவர் காலருகே வைத்ததைப் பார்த்தேன். அவன் எங்களைப் பார்க்கவில்லை. வரன் விவரத்தின் இரண்டு பக்கங்கள் சொல்லாததை அந்த அரை நிமிடம் சொல்லிவிட்டது.

பிறகு அந்தச் சபையின் ஆயரைச் சந்தியுங்கள். “நல்ல குடும்பமா?” என்று கேட்டால் “நல்ல குடும்பம்” என்ற பதில்தான் வரும். “உங்கள் மகளாக இருந்தால் கொடுப்பீர்களா, ஐயா?” என்று கேளுங்கள், அவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் கவனியுங்கள். வேலை செய்யும் இடத்தில் ஒருவரிடமாவது பேசுங்கள். கடன், குடிப்பழக்கம், தொடர் மருத்துவம், முன்பு நடந்து நின்றுபோன நிச்சயம் ஆகியவற்றை இரு தரப்பும் நேரடியாகக் கேட்டு, நேரடியாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். நோய் இருப்பதால் ஒரு வரன் தள்ளுபடி ஆக வேண்டியதில்லை. மறைத்துவைப்பதால்தான் வீடு உடைகிறது.

சபைப் பிரிவு வேறாக இருந்தால் கூடுதலாகச் சில காரியங்களைப் பேச வேண்டும். நம் பகுதியில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளும், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் லுத்தரன் சபைகளும், கத்தோலிக்கத் திருச்சபையும், பெந்தெகொஸ்தே சபைகளும் அருகருகே இருக்கின்றன. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் நகை அணிவதில்லை, தாலி கட்டுவதில்லை. கத்தோலிக்கர் வேறு சபையாரை மணக்க அவர்களுடைய மறைமாவட்ட ஆயரின் (பிஷப்பின்) முன் அனுமதி வேண்டும். மணமான பின் எந்த ஆலயத்திற்குப் போவது, பிள்ளைகளுக்குக் குழந்தையிலேயே ஞானஸ்நானமா, வளர்ந்த பின்னா என்பவற்றை நிச்சயதார்த்தத்திற்குப் பிறகு பேசலாம் என்று தள்ளிவைத்த வீடுகளில், அது முதல் பிரசவத்தின்போது சண்டையாக வெளிப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

செவிலியராக இருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. இரவுப் பணி, ஞாயிற்றுக்கிழமைப் பணி, வெளிநாட்டு வேலைக்கான தேர்வு, இவற்றை மாப்பிள்ளை வீட்டார் உண்மையாக ஏற்கிறார்களா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளத்தை விரும்பிப் பெண் எடுத்துவிட்டு, இரவுப் பணியை வெறுக்கிற வீடுகள் உண்டு.

ஐந்தாம் படி: அடையாளங்களையும் சீட்டையும் தீர்க்கதரிசனத்தையும் சோதிப்பது

எனக்கு 26 வயதானபோது ஒரு வரன் வந்தது. அம்மா நாள்காட்டியின் ஒரு நாள் தாளை இரண்டாகக் கிழித்து, பென்சிலால் ஒன்றில் “ஆம்”, மற்றொன்றில் “வேண்டாம்” என்று எழுதி, நான்காக மடித்து வேதாகமத்தின்மேல் வைத்து, முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சிறுமியை அழைத்து எடுக்கச் சொன்னார்கள். “ஆம்” வந்தது. “கர்த்தரே எடுத்துக் கொடுத்துட்டாரும்மா” என்று அம்மா அழுதார்கள். அதன்பின் யாரும் எதையும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கர்த்தரைச் சந்தேகிப்பதாகிவிடும் அல்லவா? கல்யாணத்திற்குப் பன்னிரண்டு நாட்கள் இருக்கும்போது, அழைப்பிதழ் கொடுக்க மாப்பிள்ளை வேலை செய்த இடத்திற்குப் போன என் மாமாவிடம், அவர் ஆறு மாதத்திற்கு முன்பே அங்கிருந்து நின்றுவிட்டார் என்று சொன்னார்கள். கேட்கப் போனபோது, பெரிய கடன் இருப்பதும், அதை அடைக்க எங்கள் வீட்டுப் பணத்தை எதிர்பார்த்ததும் தெரிந்தது. கல்யாணம் நின்றது.

பணம் போனதைவிட, கர்த்தர் தன்னை ஏமாற்றிவிட்டாரோ என்ற எண்ணம்தான் அம்மாவை நொறுக்கியது. அப்பா அதிகம் பேசமாட்டார். அன்றிரவு அவர் சொன்னது இதுதான்: “கர்த்தர் பொய் சொல்லலை. நாம கேக்க வேண்டிய இடத்துல கேக்கலை.” அம்மா காலமான பின் அவர்களுடைய வேதாகமத்தில் அந்தச் சீட்டைப் பார்த்தேன். பென்சில் எழுத்து மங்கியிருந்தது.

அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தில் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தெரிந்துகொண்டது உண்மை. ஆனால் அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் இறங்கிய பிறகு, அந்த நூலில் சபை எந்த முடிவையும் சீட்டுப் போட்டு எடுக்கவில்லை. 15-ஆம் அதிகாரத்தில் மிகக் கடினமான கேள்வி வந்தபோது, கூடிப் பேசி, சாட்சிகளைக் கேட்டு, வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்து, “பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது” என்று எழுதினார்கள். கூடிப் பேசியது ஆவியானவரின் வழிநடத்துதலுக்குத் தடையாகவில்லை. அவர் அதன் வழியாகவே நடத்தினார்.

“இந்தப் பெண்தான் உனக்கு என்று கர்த்தர் எனக்குக் காட்டினார்” என்று யாராவது சொன்னாலும் இதே அளவுகோல்தான். தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று சொன்ன பவுல், அடுத்த வசனத்திலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். கர்த்தர் பேசியிருந்தால், ஒரு மாதம் விசாரிப்பதால் அவர் வார்த்தை கெட்டுப்போகாது. உடனே பதில் வேண்டும் என்று அவசரப்படுத்துகிறவரை விட்டு விலகுங்கள். அவர் ஊழியக்காரராக இருந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

ஆறாம் படி: இருவரும் பேச இடம் கொடுங்கள்

பெண் பார்க்க வந்த நாளில் மொட்டைமாடியில் பத்து நிமிடம் பேசியது போதாது. பெற்றோர் அறிய, குறைந்தது மூன்று நான்கு முறை, வேறு வேறு நாட்களில் பேசட்டும். சம்பளத்தை யார் கையாள்வது, பெற்றோருக்கு எவ்வளவு அனுப்புவது, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், கடைசியாக யாரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள் என்று கேட்கலாம். கடைசிக் கேள்விக்கு நினைவுகூர ஒன்றுமே இல்லாதவரைப் பற்றி நான் கவலைப்படுவேன். இருவரும் சேர்ந்து ஒரு முறையாவது ஜெபிக்கட்டும். ஜெபத்தில் ஒருவருடைய உள்ளம் எங்கே இருக்கிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

உள்ளத்தில் சமாதானம் இல்லை என்று தோன்றினால், அதற்குக் காரணம் என்ன என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். வீட்டை விட்டுப் போகிற பயமும் கலக்கத்தைத் தரும். அது எல்லாருக்கும் வருவதுதான். அவர் பேசிய ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தால், அதைத் தள்ளாமல் ஆயரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள்.

ஏழாம் படி: வேண்டாம் என்றால் சீக்கிரமாகச் சொல்லுங்கள்

முடிவு தெரிந்த ஒரு வாரத்திற்குள், பெரியவர் ஒருவர் தொலைபேசியில் பேசி, மரியாதையாகச் சொல்ல வேண்டும். பதிலே சொல்லாமல் மாதக்கணக்கில் காக்கவைப்பது அன்பில்லாத செயல். உயரம் குறைவு என்று மனதில் வைத்துக்கொண்டு, “கர்த்தர் தடை செய்கிறார்” என்று சொல்லாதீர்கள்; அது அவர் நாமத்தை வீணிலே வழங்குவதாகும்.

எட்டாம் படி: காத்திருக்கும் ஆண்டுகளை வாழுங்கள்

நிச்சயித்த கல்யாணம் நின்ற பிறகு எட்டு ஆண்டுகள் காத்திருந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் “இன்னும் அமையலையா?” என்று கேட்பார்கள். தங்கைக்கு முதலில் முடிக்கலாமா என்று வீட்டில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். (முடியுங்கள் என்று நானே சொன்னேன், அது எனக்கு விடுதலையாக இருந்தது.) ஏதோ பாவத்தின் தண்டனையாகத்தான் தாமதம் வருகிறது என்று சொல்கிறவர்கள், ரெபெக்காளை விவாகம்பண்ணியபோது ஈசாக்கு 40 வயதாயிருந்தான் என்பதை ஆதியாகமம் 25:20-இல் வாசிக்கட்டும். அவனை எந்தத் தண்டனையும் நாற்பது வரை நிறுத்தி வைத்திருக்கவில்லை.

அந்த எட்டு ஆண்டுகளில் நான் செய்த நல்ல காரியம், கல்யாணத்திற்குப் பிறகு செய்யலாம் என்று வைத்திருந்தவற்றைத் தொடங்கியதுதான். மேற்படிப்புப் படித்தேன், ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பித்தேன், என் சம்பளத்தில் எனக்கென்று ஒரு கட்டிலும் அலமாரியும் வாங்கினேன். கட்டிலை எல்லாரும் சீர் வரிசையோடு வர வேண்டியதாக நினைப்பதால், அந்தச் சிறிய காரியம் வீட்டில் பெரிய பேச்சானது.

கர்த்தர் சிலருக்குத் திருமணத்தைத் தருவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வேலூரில் வாழும் நமக்கு அதற்குச் சாட்சி தேடி எங்கும் போக வேண்டாம். 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், மிஷனெரி வாழ்க்கை வேண்டாம் என்று எண்ணியிருந்தவர். நோயுற்ற தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, பிரசவத்தில் தவித்த மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இல்லாமல் ஒரே இரவில் இறந்துபோனார்கள். அவர் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய பணிதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். 1960-இல் மரிக்கும்வரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அந்த வாழ்க்கையை யாரும் காத்திருப்பு அறை என்று சொல்லமாட்டார்கள். மணமாகாதவர்களுக்காகச் சபையில் ஜெபிக்கும்போது, அவர்களைக் குறைவுள்ளவர்களாகப் பாவித்து ஜெபிக்காதிருக்க ஆயர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்பதாம் படி: சம்மதமும் ஓலையும்

எல்லா விசாரணையும் முடிந்து, பெரியவர்கள் ஒத்துக்கொண்ட பிறகு, ரெபெக்காளின் வீட்டார் செய்ததைச் செய்யுங்கள். “இந்தக் காரியம் கர்த்தரால் வந்தது” என்று அவர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தும், பெண்ணை அழைத்து, “நீ இந்த மனிதனோடேகூடப் போகிறாயா?” என்று கேட்டார்கள். உறவினர் நிறைந்த கூடத்தில் கேட்க வேண்டாம். அங்கே எந்தப் பெண்ணும் தலையாட்டிவிடுவாள். அடுப்படியிலோ படுக்கையறையிலோ, தாய் மட்டும் இருந்து, கதவைச் சாத்திக்கொண்டு, “வேண்டாம்னு சொன்னாலும் அப்பா கிட்ட நான் பேசிக்கிறேன்” என்று முதலில் சொல்லிவிட்டு அதன்பின் கேளுங்கள். மகனிடமும் அதே போலக் கேளுங்கள்; மகன்களிடம் யாரும் கேட்பதில்லை.

சம்மதம் கிடைத்தபின், ஆயரைச் சந்தித்து, ஞானஸ்நானச் சான்றும் வயதுச் சான்றும் கொடுத்து ஓலைக்கு, அதாவது ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்புக்கு, பெயர் கொடுங்கள். சட்டப்படி ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கிறிஸ்தவத் திருமணங்கள் 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்கீழ் நடைபெறுகின்றன. மூன்று ஞாயிறுகள் ஓலை வாசித்து, தடை உண்டானால் தெரிவிக்கச் சொல்வது வெறும் சடங்கு என்று எண்ணிச் சிறப்பு அனுமதி வாங்கி அதைத் தவிர்க்காதீர்கள். சபை முழுவதையும் சாட்சியாக வைத்து, கடைசியாக ஒரு முறை விசாரிக்கும் நேரம் அது. என் ஓலை வாசிக்கப்பட்ட முதல் ஞாயிறு, நானும் அம்மாவும் வழக்கமான இடத்தில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஆயர் என் பெயரை வாசித்து, தடை யாருக்காவது தெரியுமா என்று கேட்டு நிறுத்தினார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பிச் சபை முழுவதையும் ஒரு முறை பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஆயர் அடுத்த அறிவிப்பை வாசிக்கத் தொடங்கினார்.